கேமரா பை வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய எடைக் கணக்கு

புனேவை ஒட்டியிருக்கும் போசரி ஒரு தொழிற்பேட்டை ஊர். இங்குள்ள தொழிற்சாலைக்குள் ஒரு தொழிலாளி சுமக்கும் எடைக்குச் சட்டத்தில் பதில் இருந்தது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 34-ஆவது பிரிவு: காயம் ஏற்படுத்தும் அளவுக்குக் கனமான எந்தச் சுமையையும் தூக்கவோ, சுமக்கவோ, நகர்த்தவோ யாரையும் பணியமர்த்தக் கூடாது.

தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே இந்தக் கணக்கு கிடையாது. வாரம் முழுக்க ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆர்டர் என்று ஓடும் புகைப்படக்காரருக்கு அவரே முதலாளி, அவரே தொழிலாளி. அதிகாலை முகூர்த்தத்தில் தொடங்கி இரவு வரவேற்பு வரை தோளில் தொங்கும் பையை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட, "பை தானே, எதுவா இருந்தா என்ன" என்று கையில் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். சில வருடங்கள் கழித்து கழுத்துவலி, தோள்வலி என்று பில் வருகிறது.

உங்களுக்கு வசதியான பையை எப்படித் தேர்ந்தெடுப்பது? பிராண்டு, விலை, நிறம் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள்: மொத்தம் எத்தனை கிலோ, அந்த எடை உடம்பில் எங்கே இறங்குகிறது.

முதலில் எடை போடுங்கள்

வழக்கமான கல்யாண கிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேனான் 5டி மார்க் 4 கேமரா, பேட்டரி, மெமரி கார்டு சேர்த்து 890 கிராம். இரண்டு பாடி என்றால் 1,780 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸின் மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். சின்ன 50 எம்எம் லென்ஸ் 160 கிராம். 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷ், செல் இல்லாமல் 425 கிராம். கூட்டினால் 4,650 கிராம்.

இதோடு முடிவதில்லை. மாற்று பேட்டரிகள், சார்ஜர், ஃபிளாஷ் செல்கள் எல்லாம் சேர்ந்து அரை கிலோ. லேப்டாப் ஒன்றரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நல்ல தடிமனான கேமரா பேக்பேக், காலியாக இருக்கும்போதே ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரும். மொத்தம் 9 கிலோவைத் தாண்டிவிட்டது.

பெரியவர்கள் இத்தனை கிலோதான் சுமக்கலாம் என்று புகைப்படக்காரர்களுக்கென்று வரம்பு எதுவும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை, குழந்தையின் பை அதன் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதே கணக்கில் 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 6.5 கிலோ. பள்ளிப் பிள்ளை பையைச் சுமப்பது வீட்டிலிருந்து வகுப்பறை வரைக்கும்தான். நீங்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சுமக்கிறீர்கள்.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக எடுத்துச் செல்லும் எல்லாவற்றையும் பையில் போட்டு, பையோடு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள். பையை இறக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள். வித்தியாசம்தான் உங்கள் சுமை. அடுத்து, கடைசி ஐந்து ஆர்டரில் ஒரு தடவைகூட வெளியே எடுக்காத பொருள் என்னவென்று பாருங்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டால், எந்த விலை உயர்ந்த பையும் தராத நிம்மதி கிடைக்கும்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் எடை குறையுமா? குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. சோனி ஏ7 4 கேமரா 658 கிராம். இதில் இரண்டு, கூடவே 24-70, 70-200 ஜிஎம் 2 லென்ஸ்கள், ஒரு 50 எம்எம் லென்ஸ் வைத்தால் சுமார் 3.2 கிலோ. ஃபிளாஷைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மேலே சொன்ன கேனான் கிட்டைவிட ஒரு கிலோ மட்டும்தான் குறைவு. பாடி சிறியதானாலும், எஃப் 2.8 லென்ஸின் கண்ணாடி கண்ணாடிதானே!

எடையைச் சுமப்பது தோளா, இடுப்பா?

தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் காரை எலும்புக்குக் கீழே, அக்குள் வழியாகச் செல்கின்றன. குறுகலான ஸ்ட்ராப் மணிக்கணக்கில் அந்த இடத்தை அழுத்தினால் கை மரத்துப்போகும், விரல்கள் கூசும். கனமான மூட்டையோடு நீண்ட தூரம் நடக்கும் ராணுவ வீரர்களிடம் இந்தப் பிரச்னையை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பு பெல்ட்டும் உள்சட்டமும் உள்ள பை பயன்படுத்தினால் இது குறைகிறது என்பதும் அங்கிருந்து கிடைத்த பாடம்தான்.

காரணம் எளிது. இடுப்பெலும்புக்குக் கீழே உடம்பின் பெரிய தசைகளும் கால்களும் இருக்கின்றன. பையின் எடை இடுப்பெலும்பில் உட்கார்ந்தால், அது நேராகக் கால் வழியாகத் தரைக்கு இறங்கும். தோளிலேயே தொங்கினால் கழுத்தும் மேல்முதுகும்தான் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெறும் துணி பெல்ட் இருந்தால் போதாது. பையின் முதுகுப் பக்கத்தில் அலுமினியக் கம்பியோ, விறைப்பான பிளாஸ்டிக் தகடோ இருந்தால்தான் எடை பெல்ட்டுக்கு இறங்கும். சட்டம் இல்லாத பையில் ஒரு இஞ்ச் அகல நாடாவைக் கட்டிவிட்டு "இடுப்பு பெல்ட் இருக்கு சார்" என்று விற்பார்கள். அது பை ஆடாமல் இருக்க மட்டும்தான் உதவும்.

எந்தப் பை யாருக்கு?

தோள் பை: பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பழைய தோழன். 1970-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் நாளிதழில் வேலை பார்த்த ஜிம் டோம்கே, தன் வேலைக்காக வடிவமைத்த கேன்வாஸ் பை பிறகு தனி பிராண்டாகவே ஆனது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் முதலில் செய்தது மீன்பிடிப்பவர்களுக்கான பை. புகைப்படக்காரர்கள் அதை வாங்கி கேமரா வைத்துக்கொள்வது தெரிந்த பிறகுதான் கேமரா பைக்கு மாறியது. நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து லென்ஸ் மாற்றலாம் என்பது இதன் பலம். எடை முழுவதும் ஒரே தோளில் என்பது பலவீனம். ஒரு பாடி, இரண்டு லென்ஸ், மூன்று கிலோவுக்குள் என்றால் சரி. அதற்கு மேல் போனால் ஒரு தோளைத் தூக்கி, உடம்பை மறுபக்கம் சாய்த்தே நடப்பீர்கள். உங்களுக்கே தெரியாது, வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஸ்லிங் பை: முதுகில் குறுக்காகப் போட்டு, முன்னால் சுழற்றி எடுக்கலாம். மெட்ரோ, சந்தை, தெருப் புகைப்படம் போன்றவற்றுக்கு வசதி. இதிலும் எடை ஒரே தோளில்தான், அதனால் அதே மூன்று கிலோ விதிதான்.

பேக்பேக்: நான்கு கிலோவைத் தாண்டினால் இதுதான் சரி. பின்புறம், அதாவது முதுகைத் தொடும் பக்கம் திறக்கும் மாடல்களுக்கு இரண்டு நன்மைகள். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் ஜிப்பைத் திறக்க முடியாது. சேற்றில் பையைக் கீழே வைத்தாலும் முதுகுப் பக்கம் மேலே இருப்பதால் சட்டை அழுக்காகாது. பக்கவாட்டிலும் ஒரு வாசல் இருந்தால், பையைக் கழற்றாமலே கேமராவை எடுத்துவிடலாம்.

ஹார்னஸ், இடுப்பு பெல்ட் பவுச்: நிகழ்ச்சி நடக்கும்போது பயன்படுத்த. 5டி மார்க் 4 கேமராவில் 70-200 மாட்டினால் சுமார் 2.4 கிலோ. அதைக் கேமராவோடு வந்த கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் மொத்தமும் கழுத்து எலும்பில் இறங்கும். இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஹார்னஸ் இந்த இடத்தில் பெரிய மாற்றம் தரும்.

சக்கரம் வைத்த பை: ரயில், விமானம், மண்டபம் என்று தரை நன்றாக இருக்கும் இடங்களுக்கு மட்டும்.

ஒரே பையில் எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைப்பதுதான் பல நேரம் சிக்கல். வீட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் பேக்பேக், மண்டபத்துக்குள் ஹார்னஸும் சின்ன பவுச்சும் என்று பிரித்துவிட்டால், 9 கிலோவை நாள் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. பெரிய பையை மேடைக்குப் பின்னால் அனாதையாக விடாமல், உதவியாளர் கண்ணில் படும் இடத்தில், ஏதாவது தூணோடு பூட்டி வையுங்கள். கேமரா, லென்ஸ் சீரியல் எண்களும் பில்லும் மொபைலில் போட்டோவாக இருக்கட்டும். திருட்டுப் புகாருக்கும் காப்பீட்டுக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

உங்கள் முதுகு எத்தனை சென்டிமீட்டர்?

பேக்பேக் பொருந்துவது உங்கள் உயரத்தை வைத்து அல்ல, முதுகின் நீளத்தை வைத்து. ஆறடி உயரமுள்ளவருக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம்.

அளப்பது சுலபம். தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அது தொடக்கம். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வையுங்கள், கட்டைவிரல்கள் பின்னால் பார்க்கட்டும். இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் முடிவு. இடைப்பட்ட தூரத்தை வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பையில் தோள் ஸ்ட்ராப் தைத்திருக்கும் இடத்திலிருந்து இடுப்பு பெல்ட்டின் நடுப்பகுதி வரை அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பை நீளமாக இருந்தால் பெல்ட் இடுப்பெலும்புக்குக் கீழே நழுவும். குட்டையாக இருந்தால் பெல்ட் வயிற்றில் ஏறிக்கொண்டு மூச்சு வாங்கும். ஸ்ட்ராப் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ள பை என்றால் கவலை குறைவு. பெண்கள் குறிப்பாக இதைப் பார்க்க வேண்டும். பல பைகள் ஆண்களின் அகலமான தோளை மனதில் வைத்தே தைக்கப்படுகின்றன. ஸ்ட்ராப்புகள் நெருக்கமாகவும், நெஞ்சுப் பட்டை மேலும் கீழும் நகர்த்தக்கூடியதாகவும் இருக்கணும்.

மாட்டும்போதும் ஒரு வரிசை உண்டு. எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்துங்கள். முதலில் இடுப்பு பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்குங்கள். பிறகு தோள் ஸ்ட்ராப்பை இழுங்கள். கடைசியாக நெஞ்சுப் பட்டை. இப்போது தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே விரல்களை நுழைக்க முடிந்தால், எடை இடுப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பையை அடுக்குவது எப்படி?

கனமான 70-200, இரண்டாவது பாடி இரண்டும் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்கட்டும். சார்ஜர், கேபிள், துணி போன்ற லேசானவை வெளிப்புறம் போகட்டும். முதுகிலிருந்து எடை தள்ளிப் போகப் போக, பை உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள். டிரைபாடை வெளியில் ஒரு பக்கமாகக் கட்டினால், மறுபக்கம் தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமன் செய்யுங்கள்.

பறவைப் படம் எடுப்பவர்கள் நீளத்தையும் பார்க்கணும். புனேவிலிருந்து குளிர்காலத்தில் பூநாரை பார்க்க, உஜனி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பிக்வானுக்குப் பலர் போகிறார்கள். நிக்கான் 200-500 லென்ஸ் மட்டும் 2.3 கிலோ, 27 சென்டிமீட்டர் நீளம். பாடியோடு மாட்டி வைத்தால் சுமார் 35 சென்டிமீட்டர். பையின் உள்நீளம் 40 சென்டிமீட்டராவது இருந்தால்தான் பறவை பறக்கும் முன் எடுக்க முடியும்.

டூவீலர்ல போறவங்க கவனத்துக்கு

பையை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்காரும்போது, பையின் அடிப்பகுதி பின் சீட்டில் லேசாகத் தொட்டு நிற்கும்படி ஸ்ட்ராப்பைச் சரிசெய்யுங்கள். தோளுக்குப் பாதி வேலை மிச்சம். பையின் உச்சி ஹெல்மெட்டில் இடித்தால் தலையைத் திருப்ப முடியாது, அந்தப் பை வேண்டாம். நெஞ்சுப் பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். நாசிக் நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றில் தளர்வான பை உங்களையும் சேர்த்து ஆட்டும்.

பெட்ரோல் டேங்க் மேலும், பக்கவாட்டுப் பெட்டியிலும் கேமராவை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. மோட்டார் சைக்கிள் அதிர்வு, ஐபோன் கேமராவின் அதிர்வு தடுக்கும் பாகங்களைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. உங்கள் லென்ஸ்களிலும் அதே வகை நுட்பம் இருக்கிறது. உடம்பு அந்த அதிர்வைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். நீளமான லென்ஸை முதுகெலும்புக்கு நேராக, நடுவில் ஃபோம் இல்லாமல் வைக்காதீர்கள். முதுகுப் பக்கம் தடிமனான ஃபோம் இருப்பது சொகுசுக்காக மட்டும் இல்லை.

மழைக்காலம்: நனைவது மட்டுமா பிரச்னை?

போசரிக்குப் பக்கத்தில்தான் ஆளந்தி. ஜூன், ஜூலை வாக்கில் ஞானேஷ்வர் மகராஜின் பால்கி அங்கிருந்தும், துக்காராம் மகராஜின் பால்கி தேஹுவிலிருந்தும் பண்டரிபுரம் நோக்கிக் கிளம்பும். லட்சக்கணக்கான வார்க்கரிகள் நடக்கும் அந்த யாத்திரையைப் படம் எடுக்க நாடு முழுவதிலிருந்தும் புகைப்படக்காரர்கள் வருவார்கள். ஞானேஷ்வர் பால்கி புனேவிலிருந்து திவே காட் மலைப்பாதை ஏறி சாஸ்வட் சேரும் நாள், ஒரே நாளில் சுமார் 30 கிலோமீட்டர் நடை. மழை, ஏற்றம், நெரிசல் மூன்றும் ஒன்றாக வரும் இந்த நாளைவிடக் கடுமையான சோதனை ஒரு கேமரா பைக்கு இந்தப் பகுதியில் கிடையாது. பின்பக்கம் திறக்கும் பை, ஒரு பாடி, இரண்டு லென்ஸ், இடுப்பு பெல்ட் என்று போனால் சாயங்காலமும் கேமராவைத் தூக்கத் தெம்பு இருக்கும்.

மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடாது, தண்ணீர் முதுகு வழியாக இறங்கும். வண்டி வேகத்தில் உறை பறந்தும் போகலாம். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரில் கேமராவைச் சுற்றி வைப்பது மலிவான, நம்பகமான வழி.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு ஆபத்து. கேமரா பையின் ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்த பையை அப்படியே மூடி அலமாரியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடலாம். வந்தவுடன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடையுங்கள், பையைத் திறந்து ஃபேன் காற்றில் காயவிடுங்கள். லென்ஸ்களை ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானியுடன் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. பை என்பது எடுத்துச் செல்வதற்கு, சேமித்து வைப்பதற்கு இல்லை.

விமானத்தில் போனால்?

பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக்குக் கைப்பை வரம்பு 7 கிலோ. நாம் மேலே கூட்டிய 9 கிலோ கிட் இங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால் காலிப் பையின் எடை முக்கியம். இரண்டரை கிலோ பைக்குப் பதில் ஒன்றரை கிலோ பை என்றால், ஒரு 24-70 லென்ஸுக்கு இடம் கிடைத்த மாதிரி. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 115 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்று லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. சோனியின் என்பி-எஃப்இசட்100 போன்ற கேமரா பேட்டரி 16.4 வாட்-மணிதான். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி கவரில் வையுங்கள்.

கடையில் என்ன பார்க்கணும்?

வாங்கும் அன்று உங்கள் முழு கிட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மும்பை கோட்டைப் பகுதியின் போரா பஜார் ஆனாலும் சரி, புனேவில் உங்களுக்குத் தெரிந்த கடை ஆனாலும் சரி, நாலு மாடலைக் காலியாகத் தோளில் மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. எடையைப் போட்டு, பதினைந்து நிமிடம் நடந்து, இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் டேக்கைக் கிழிக்காமல் வீட்டிலேயே இதைச் செய்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கெடு முடியும் முன் திருப்பி அனுப்புங்கள்.

ஸ்ட்ராப் பையோடு சேரும் இடத்தில் தையல் இரட்டையாக, குறுக்கும் நெடுக்குமாக இருக்கிறதா? ஜிப் வளைவில் சிக்காமல் ஓடுகிறதா? ஃபோமை விரலால் அழுத்தினால் உடனே எழும்புகிறதா? புஸ்ஸென்று அமுங்கிப் போகும் ஃபோம் கடையில் சுகமாக இருக்கும், மூன்று மாதத்தில் தட்டையாகிவிடும்.

பட்ஜெட் இடிக்குதா? இன்னொரு வழி இருக்கிறது. சஹ்யாத்ரி கோட்டைகளில் ஏறும் மலையேற்றக்காரர்கள் பயன்படுத்தும் சட்டமும் இடுப்பு பெல்ட்டும் உள்ள பையை வாங்கி, அதற்குள் ஃபோம் தடுப்புகள் வைத்த கேமரா பெட்டியைத் தனியாக வாங்கிச் செருகுங்கள். விலையுயர்ந்த கேமரா பைகள் பலவற்றைவிட இது முதுகுக்கு இதமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கேமரா பை என்றும் தெரியாது, திருடன் கண்ணில் படாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் வரும் அலுப்பு ஓய்வெடுத்தால் போய்விடும். கை மரத்துப்போவது, விரல் கூச்சம், பிடி தளர்வது, முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி போன்றவை வந்தால் தைலம் தடவிக்கொண்டு அடுத்த ஆர்டருக்குக் கிளம்ப வேண்டாம். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் சுமக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கெட்டுப்போன லென்ஸை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு வாடகை லென்ஸ் எடுத்து வேலையை முடிக்கலாம். தோளுக்கு வாடகை கிடைக்காது. அடுத்த ஆர்டருக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை பையை எடை போட்டுவிடுங்கள்.